செயற்கை ரத்தக்குழாய்க்குள் சொந்த உட்படலம் வளருமா?

கேள்வி இதுதான்: காலில் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கால் செய்த குழாய் வைத்து பைபாஸ் செய்துகொண்ட ஒருவருக்கு, நாளடைவில் அந்தக் குழாயின் உட்புறம் அவருடைய சொந்தச் செல்களால் மூடப்பட்டு, இயற்கையான ரத்தக்குழாய் மாதிரி ஆகிவிடுமா? நாய்களில் சில வாரங்களிலேயே மூடிவிடுகிறது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஒரு வருடம் போல ஆனதும் ஒரு மாத்திரையை நிறுத்துகிறார்களே, அப்படி இதிலும் ஒரு கட்டத்தில் மாத்திரையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்: மனிதர்களில் அது முழுதாக மூடுவதில்லை. குழாயின் இரண்டு முனைகளிலும் தையல் போட்ட இடத்திலிருந்து ஒன்றோ இரண்டோ சென்டிமீட்டர் தூரத்துக்குச் செல்கள் வளர்ந்து வரும். அத்தோடு நின்றுவிடும். நடுப்பகுதியைப் பல வருடம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் ஏராளமான குழாய்கள் வருடக்கணக்கில் அடைபடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூடவும் இல்லை, அடைக்கவும் இல்லை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று விளக்கப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த உட்படலத்தைப் பற்றி. நம் உடம்பில் எந்த ரத்தக்குழாயை எடுத்தாலும் அதன் உட்சுவரில் எண்டோதீலியம் என்ற செல் வரிசை இருக்கும். கனம் ஒரே ஒரு செல்தான். அதை வெறும் வழவழப்பான பூச்சு என்று நினைத்துவிடக் கூடாது. நைட்ரிக் ஆக்சைடு, பிராஸ்டாசைக்ளின் ஆகியவற்றைச் சுரந்து, ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள திராம்போமாடுலின் என்ற புரதம், ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பினையே பிடித்து, உறைதலைத் தடுக்கும் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. அதையும் மீறிச் சிறு உறைவு உண்டானால் டி.பி.ஏ. என்ற நொதியை வெளியிட்டுக் கரைக்கிறது. இதற்கெல்லாம் மேலே, தனக்குக் கீழேயிருக்கும் தசைச் செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கியும் வைக்கிறது. இந்தக் கடைசி வேலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

செயற்கைக் குழாய் எதுவுக்கும் இதில் ஒரு வேலைகூடத் தெரியாது. பெருந்தமனி போன்ற பெரிய குழாய்களுக்கு டாக்ரான், அதாவது பாலியெஸ்டர் நூலால் நெய்த அல்லது பின்னிய குழாயை வைக்கிறார்கள். கால் பைபாஸுக்கும், டயாலிசிஸ் ஊசி போடக் கையில் வைப்பதற்கும் அதிகமாகப் பயன்படுவது இழுத்து விரித்த டெஃப்லான், அதாவது நீங்கள் சொன்ன பி.டி.எஃப்.இ. இரண்டுமே ரத்தத்தைப் பொறுத்தவரை அந்நியப் பொருள்தான்.

அப்படியானால் உள்ளே படலம் வளரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? இந்தத் துறையே அந்த நம்பிக்கையில்தான் பிறந்தது. 1947-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் அறுவை மருத்துவர், ஒரு நாயின் இதய அறைக்குள் தவறுதலாக விட்டுப்போன பட்டுத் தையல் இழையைச் சில மாதம் கழித்துப் பார்த்தார். இழையின்மேல் இதயத்தின் உட்சுவரைப் போலவே பளபளப்பான படலம் படர்ந்திருந்தது. ஒரு நூலின்மேல் படரும் என்றால் துணியின்மேலும் படரும் அல்லவா? துணியைக் குழாயாகத் தைத்து வைத்தால், துளைகளில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) அடைத்துக் கசிவு நிற்கும், பிறகு உடம்பே உள்ளே படலம் போட்டுக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். வின்யான்-என் என்ற செயற்கை இழைத் துணியில் குழாய் செய்து நாய்களின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்த முடிவுகள் 1952-இல் வெளிவந்தன. இரண்டே வருடத்தில் மனிதர்களுக்கு வைத்த முடிவுகளும் வந்துவிட்டன. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் கடைக்கு நைலான் துணி வாங்கப் போய், அது தீர்ந்துபோயிருந்ததால் டாக்ரானை வாங்கி வந்து வீட்டுத் தையல் மெஷினில் குழாய் தைத்த கதையும் இதே காலம்தான். டாக்ரான் அப்படித்தான் உள்ளே வந்தது.

வூர்ஹீஸின் கணக்கில் முதல் பாதி மனிதர்களுக்கும் அப்படியே பொருந்தியது. துளைகளை ஃபைப்ரின் அடைத்தது, கசிவு நின்றது. இரண்டாவது பாதிதான் பொருந்தவில்லை. அது தெரியவே இருபது வருடம் ஆனது.

சரி, குழாய் வைத்த நிமிடத்திலிருந்து பார்ப்போம். கிளாம்பை விடுவித்ததும் ரத்தம் குழாய்க்குள் பாய்கிறது. முதலில் ஒட்டுவது செல்கள் இல்லை, புரதங்கள். சில வினாடிகளிலேயே ஆல்புமின், ஃபைப்ரினோஜென், ஆன்டிபாடிகள் எல்லாம் சுவரில் படிந்துவிடும். முதலில் வந்த புரதம் விலகி, இன்னும் இறுகப் பிடிக்கும் புரதம் அந்த இடத்தை எடுத்துக்கொள்வதும் நடக்கும். ஆகவே அதற்குப் பிறகு வரும் தட்டணுக்கள் டெஃப்லானையோ டாக்ரானையோ நேரடியாகத் தொடுவதே இல்லை. அவை தொடுவது இந்தப் புரதப் பூச்சை. அதில் ஃபைப்ரினோஜென் இருப்பதால் ஒட்டிக்கொள்கின்றன, விழித்துக்கொள்கின்றன, பக்கத்துத் தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. உறைதல் தொடர் ஓடத் தொடங்கி ஃபைப்ரின் வலை பின்னப்படுகிறது. அதில் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் சிக்குகின்றன.

முதல் சில நாட்களில் குழாயின் உட்புறம் முழுக்க இந்தச் சிவந்த உறைவுப் பூச்சுதான். ரத்தம் வேகமாக ஓடினால் தளர்வாக ஒட்டியதெல்லாம் அடித்துப் போய்விடும். மிச்சம் அழுந்தி, இறுகி, ஒரு அடுக்காகிவிடும். வேகம் குறைவாக இருந்தால் மேலும் மேலும் சேரும். ஒரு குழாயின் தலையெழுத்தில் பாதி இந்த முதல் வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கணிப்பு.

வெளிப்புறத்தில் வேறொரு வேலை நடக்கிறது. சுற்றியுள்ள திசுவுக்கு இது ஒரு காயம். உள்ளே ஒரு அந்நியப் பொருள் வேறு இருக்கிறது. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வரும், அவற்றின் பின்னால் அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் வரும். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொருள் என்பதால் பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றாக இணைந்து ராட்சத செல்களாகி நூலிழைகளைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் என்ற செல்கள் வந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் போடும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் முளைக்கும். சில வாரங்களில் குழாயைச் சுற்றி உறுதியான நார்த்திசு உறை ஒன்று உருவாகி, அதை அதன் இடத்தில் பிடித்து வைத்துவிடும். அறுவை மருத்துவர்கள் 'கிராஃப்ட் (வைத்த குழாய்) நன்றாகப் பிடித்துக்கொண்டது' என்று சொல்வது இந்த வெளி உறையைத்தான். வெளிப்புறம் ஆறுவது மனிதர்களிலும் ஓரளவு நன்றாகவே நடக்கிறது. தகராறு முழுக்க உட்புறத்தில்தான்.

பல வருடம் ஓடிய ஒரு குழாயை, வேறு காரணத்துக்காகக் கழற்றி எடுத்து, நீளவாக்கில் கத்தரித்து விரித்து வைத்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு முனையில் நீல நிறத் தையல் நூல் தெரியும். அதன் மேல் வெண்மையான, ஈரப் பளபளப்புள்ள திசு, சொந்தத் தமனியிலிருந்து குழாய்க்குள் ஏறி வந்திருக்கும். விரலால் தடவினால் வழுக்கும். ஒரு சென்டிமீட்டர், சில சமயம் இரண்டு சென்டிமீட்டர் போனதும் அந்த வெண்மை ஒரு ஒழுங்கற்ற ஓரத்தில் முடிந்துவிடும். அதைத் தாண்டினால் பளபளப்பு போய், மங்கிய மஞ்சள், பழுப்பு, ஆங்காங்கே சிவப்பு. சில இடங்களில் பிடிமானமே இல்லாமல் உரித்தால் ஏடாக வந்துவிடும். டாக்ரானாக இருந்தால் அடியில் நெசவின் மடிப்புகள் தெரியும். மறுமுனைக்கு நெருங்கும்போது மீண்டும் அந்த வெண்மையான நாக்கு எதிர்ப்படும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கதை இன்னும் தெளிவு: வெண்மையான பகுதியில் மேலே எண்டோதீலியம், கீழே தசைச் செல் அடுக்குகள். நடுப்பகுதியில் அடுக்கடுக்காக இறுகிய ஃபைப்ரின், அதில் சிக்கிய சில செல்களின் எச்சம், அவ்வளவுதான். அங்கே உட்படலம் இருப்பதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. இந்த இறுகிய ஃபைப்ரின் அடுக்கைப் போலி உட்படலம் என்பார்கள். பேர் போலியாக இருந்தாலும் அது ஓரளவுக்கு வேலை செய்கிறது: பழைய, இறுகிய ஃபைப்ரின் மேற்பரப்பு, புது டெஃப்லானைவிடத் தட்டணுக்களுக்குக் குறைவாகவே பிடிக்கிறது.

இங்கே விட்டம் எப்படி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. விட்டமுள்ள பெருந்தமனிக் குழாயில் எல்லாப் பக்கமும் ஒரு மி.மீ. கனத்துக்குப் படிவு வந்தால் மிஞ்சும் விட்டம் 18 மி.மீ. குறுக்குப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கிறது, ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது. அதே ஒரு மி.மீ. படிவு 6 மி.மீ. குழாயில் வந்தால் மிஞ்சுவது 4 மி.மீ. பரப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரே அழுத்தத்தில் குழாய் வழியே போகும் ஓட்டம் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்பதால், கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்குதான் போகும். ஓட்டம் குறைந்தால் படிவு இன்னும் கூடும், கூடினால் ஓட்டம் இன்னும் குறையும். உட்படலமே இல்லாத டாக்ரான் குழாய் பெருந்தமனியில் பல பத்தாண்டுகள் ஓடுவதும், அதே தரமுள்ள சிறிய குழாய் முழங்காலுக்குக் கீழே திணறுவதும் இதனால்தான். ஆகவே 6 மி.மீ.க்குக் கீழே, முடிந்தவரை நோயாளியின் சொந்தச் சிரையைத்தான் எடுத்து வைப்பார்கள். சிரை உள்ளே வரும்போதே உயிருள்ள உட்படலத்தோடு வருகிறது.

அடுத்தது, செல்கள் உள்ளே வர எத்தனை வழி இருக்கிறது என்பது. மூன்று சொல்லலாம்.

ஒன்று, முனை வழி. சொந்தத் தமனியின் வெட்டப்பட்ட விளிம்பிலிருந்து செல்கள் தையலைத் தாண்டி, கிணற்றுச் சுவரில் பாசி படர்வதுபோல மெல்ல நகர்ந்து வரும். மனிதர்களில் உறுதியாக நடப்பது இது ஒன்றுதான். அது ஏன் ஓரிரு சென்டிமீட்டரில் நிற்கிறது? எண்டோதீலிய செல்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிந்துகொண்டே போக முடியாது. பைபாஸ் தேவைப்படுகிறவர் பெரும்பாலும் வயதானவர். புகையும் சர்க்கரையும் கொழுப்பும் அவருடைய செல்களை ஏற்கெனவே களைப்பாக்கியிருக்கும். அந்தச் செல்கள் நகர வேண்டிய தரையும் சரியில்லை: கீழே டெஃப்லான், மேலே ஃபைப்ரின், நடுவில் ஓயாத மேக்ரோஃபேஜ் அழற்சி. செல்கள் ஊன்றிக்கொள்ள நல்ல அடித்தளச் சவ்வு எங்குமே இல்லை.

இரண்டாவது, சுவர் வழி. குழாயின் சுவரில் போதுமான துளைகள் இருந்தால், வெளித்திசுவிலிருந்து நுண்குழாய்கள் சுவரைத் துளைத்து உட்புறம் வந்து திறந்து, அங்கிருந்து செல்கள் பரவலாம். விரித்த டெஃப்லானின் அமைப்பு இதற்கு ஏற்றது: கணுக்கணுவாக இருக்கும், கணுக்களுக்கு நடுவில் மெல்லிய நார்கள். வழக்கமான குழாயில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 1980-களின் நடுவில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் குளோஸ் குழுவினர் பபூன் குரங்குகளில் 60 மைக்ரான் இடைவெளியுள்ள குழாயை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் நுண்குழாய்கள் சுவர் முழுக்கத் துளைத்து வந்து உட்புறத்தை மூடிவிட்டன. 30 மைக்ரானில் அது நடக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே உற்சாகம். துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், பிரச்சினை முடிந்தது என்று தோன்றியது. ஆனால் துளை அகன்ற குழாய்களை மனிதர்களுக்கு வைத்து, தட்டணுக்கள் ஒட்டுவது குறைகிறதா என்று அளந்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மனிதர்களில் துளைகளை முதலில் ஃபைப்ரின் அடைத்துக்கொள்கிறது; நுண்குழாய்கள் வெளிப்பாதியோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாவது, ரத்தம் வழி. ஓடும் ரத்தத்திலிருந்தே செல்கள் இறங்கி உட்சுவரில் குடியேறுவது. இது நடக்கிறதா என்று நீண்ட காலம் சண்டை. சியாட்டிலில் லெஸ்டர் சாவேஜ் குழுவினர், சுவர் வழியே எதுவும் நுழைய முடியாதபடி அடைத்த டாக்ரான் குழாயை நாய்களில் வைத்து, நடுப்பகுதியில் செல் தீவுகள் முளைப்பதைக் காட்டினார்கள். முனையிலிருந்தும் வர வழியில்லை, சுவர் வழியாகவும் வர வழியில்லை என்றால் ரத்தத்திலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? 1997-இல் தகயுகி அசாஹரா குழுவினர் ரத்தத்தில் சுற்றும் எண்டோதீலிய முன்னோடிச் செல்களைப் பற்றி, அதாவது எண்டோதீலியமாக மாறக்கூடிய செல்களைப் பற்றி, எழுதியதும் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. மனிதர்களிலும் இப்படிப்பட்ட தீவுகள் அபூர்வமாகப் பார்க்கப்பட்டிருக்கின்றன. அபூர்வம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாற்பது சென்டிமீட்டர் குழாயில் நாலு தீவு இருப்பதால் அது மூடிய குழாய் ஆகிவிடாது.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பொய் இல்லை. நாய்களில் வேகமாக மூடுகிறது, பன்றியிலும் பபூனிலும்கூட மனிதனைவிட வேகம்தான். ஆனால் இன வேறுபாடு மட்டும் காரணம் என்று விட்டுவிடக் கூடாது. சோதனை விலங்குகள் பெரும்பாலும் இளசு, ஆரோக்கியமானவை, தமனி நோய் கிடையாது. அதைவிடப் பெரிய ஓட்டை நீளம். எலியின் பெருந்தமனியில் ஒரு சென்டிமீட்டர் குழாய் வைத்து, சில வாரத்தில் முழுக்க மூடிவிட்டது என்று எழுதினால், இரண்டு முனையிலிருந்தும் அரை அரை சென்டிமீட்டர் நகர்ந்து நடுவில் சந்தித்தது என்றுதான் அர்த்தம். அந்த அளவுக்கு மனிதர்களிலும் நகரும்! தொடையிலிருந்து முழங்காலுக்குப் போகும் பைபாஸ் குழாயோ 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். புதுப் பூச்சு, புது மருந்து என்று இன்றைக்கும் வரும் ஆய்வுகளில் 'முழுமையாக எண்டோதீலியம் மூடியது' என்று பார்த்தால், எந்த விலங்கு, குழாய் எத்தனை நீளம், எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தார்கள் என்ற மூன்றையும் முதலில் தேடுவேன். பல சமயம் அதற்குமேல் படிக்கத் தேவையே இருக்காது.

மனிதர்களிலிருந்து கழற்றிய குழாய்களை வரிசையாகச் சோதித்து, இங்கே ஆறுதல் முழுமையடைவதில்லை என்று சாவேஜும் பெர்கரும் மற்றவர்களும் 1972-லேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் துறையில் பாதிப் பேர் நாய்க் கணக்கையே நம்பிக்கொண்டிருந்தது வருத்தமான விஷயம்தான்.

இப்போது விநோதமான பகுதி. வெறுமையாக இருக்கும் நடுப்பகுதிதான் அடைக்கும் என்று எதிர்பார்ப்போம். முதல் மாதத்தில் அடைத்தால், தையலிலோ ரத்த ஓட்டத்திலோ இருந்த குறையால் உறைவு வந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு, சில மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை வரும் அடைப்புகளில் பெரும்பகுதி, செல்கள் நன்றாக வளர்ந்து மூடியிருக்கும் அந்த முனையில்தான் தொடங்குகிறது. குறிப்பாகக் கீழ்முனையில். உட்படலத்துக்குக் கீழே தசைச் செல்கள் பெருகி, சுற்றிலும் நார்ப்பொருளைக் கொட்டி, வழியையே குறுக்கிவிடுகின்றன. வெட்டிப் பார்த்தால் ரப்பர் போல விறைப்பான, வெண்மையான திசு. மேலே எண்டோதீலியம் அழகாக உட்கார்ந்திருக்கும். தசைச் செல்களை அடக்கி வைப்பது அதன் வேலை என்று சொன்னேனே, இங்கே அது அந்த வேலையைச் செய்வதில்லை. பாதி விழித்த, எரிச்சலடைந்த செல்கள் அவை. அடக்குவதற்குப் பதிலாக வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன.

காரணங்கள் பல சேர்ந்தவை. தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும், டெஃப்லான் அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் திசு ஓயாமல் இழுபடுகிறது. குழாய் பக்கவாட்டில் போய்ச் சேர்வதால் ரத்தம் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, சில மூலைகளில் ஏறக்குறைய நின்றுபோகிறது. உரசல் குறைந்த அந்த மூலைகளில்தான் திசு அதிகம் தடிக்கிறது. டயாலிசிஸ் குழாய்களில் இது இன்னும் மோசம்: தமனியின் அழுத்தம் நேராகச் சிரையில் போய் மோதுவதால் சிரைப் பக்கத் தையலில் தடிப்பு சீக்கிரமே வந்துவிடும். சில மருத்துவர்கள் முழங்காலுக்குக் கீழே குழாயையும் தமனியையும் நேரடியாகத் தைக்காமல், நடுவில் சொந்தச் சிரையில் ஒரு சின்னப் பட்டையோ வளையமோ வைத்துத் தைப்பது இதற்காகத்தான். தடிப்பு அதனாலும் நிற்பதில்லை. வரும் இடம் மாறுகிறது, அடைக்க அதிக நாள் ஆகிறது. அதுவே பெரிய லாபம்.

உடம்பு தானாக மூடாவிட்டால் நாமே செல்களை விதைத்து வைக்கலாமே என்று யோசிக்காமல் இருந்திருப்பார்களா? 1978-இல் மால்கம் ஹெரிங் சிரையின் உட்புறத்தை இரும்புக் கம்பளியால் சுரண்டி, வந்த செல்களை ரத்தத்தோடு கலந்து டாக்ரானில் ஊற்றி நாய்களில் வைத்தார். நாய்களில் நன்றாக வந்தது, மனிதர்களில் அவ்வளவாக இல்லை. சுரண்டிக் கிடைக்கும் செல்கள் போதாது. ஒட்டியதிலும் பெரும்பகுதியை ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். வியன்னாவில் மன்ஃப்ரெட் டாய்ச், பீட்டர் ஸில்லா குழுவினர் பொறுமையான வழியை எடுத்தார்கள். 1989 முதல், நோயாளியிடமிருந்து ஒரு சிறு சிரைத் துண்டை எடுத்து, செல்களை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பெருக்கி, ஃபைப்ரின் பசை பூசிய டெஃப்லான் குழாய்க்குள் அடர்த்தியாக விதைத்து, அவை பிடித்துக்கொண்ட பிறகே காலில் வைத்தார்கள். நீண்ட காலத்துக்குப் பின்தொடர்ந்து பார்த்ததில், அந்தக் குழாய்கள் அடைபடாமல் இருந்த காலம் சொந்தச் சிரைக்கு நெருக்கமாக வந்தது. என்னைப் பொறுத்தவரை, உட்படலம் இருந்தால் குழாய் பிழைக்கும் என்பதற்கு மனிதர்களில் கிடைத்த மிக வலுவான சாட்சி அதுதான். ஆனால் கால் அழுகும் நிலையில் வரும் நோயாளியை வாரக்கணக்கில் காத்திரு என்று சொல்ல முடியாது; சுத்தமான செல் வளர்ப்புக்கூடம் எல்லா மருத்துவமனையிலும் வைக்கவும் முடியாது. ஆகவே அது பரவவில்லை.

இன்னொரு முயற்சி, ரத்தத்தில் சுற்றும் முன்னோடிச் செல்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது. குழாயின் உட்புறத்தில், அந்தச் செல்களின் மேலிருக்கும் சி.டி.34 என்ற குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசிப் பன்றிகளில் வைத்தார்கள். செல்கள் வேகமாக வந்து மூடின. தையல் முனையில் தடிப்பும் கூடவே அதிகமானது. மூடுவது வேறு, அமைதியான உட்படலமாக இருப்பது வேறு என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இதற்கிடையில் நடைமுறைக்கு வந்து நிலைத்தது எளிய வழி: டெஃப்லானின் உட்புறத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பிணைத்து விடுவது. அது உட்படலத்தை வளர்ப்பதில்லை, அதன் வேலைகளில் ஒன்றை மட்டும் கடன் வாங்கிச் செய்கிறது.

இப்போதைய நம்பிக்கை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? லாரா நிக்லசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வழிவந்த முறையில், கரையக்கூடிய வலைச் சட்டத்தில் மனிதத் தசைச் செல்களை வளர்க்கிறார்கள். அவை கொலாஜன் குழாய் ஒன்றைக் கட்டி முடித்ததும் செல்களை முழுக்கக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது யாருக்கும் வைக்கக்கூடிய, செல் இல்லாத திசுக்குழாய். வைத்தவர்களிடமிருந்து பின்னால் கிடைத்த துண்டுகளைச் சோதித்ததில், நோயாளியின் சொந்தச் செல்கள் சுவருக்குள் புகுந்து, தசை அடுக்கும் உட்படலமும் உருவாகத் தொடங்கியிருந்தன. டெஃப்லானில் காணாத காட்சி இது. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கைகால் ரத்தக்குழாய்க் காயங்களுக்கு அனுமதித்தது. குழாய் கிழியும், தையல் விடும் ஆபத்து பற்றிய கடுமையான எச்சரிக்கையையும் சேர்த்தே அனுமதித்தது. முதுமையில் கால் தமனி அடைபட்டவர்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இன்னும் வருடங்கள் வேண்டும்.

கடைசியாக உங்கள் மாத்திரைக் கேள்வி. ஸ்டென்டோடு ஒப்பிடுவதில்தான் குழப்பம் வருகிறது. ஸ்டென்ட் என்பது சொந்தத் தமனிக்குள் விரித்த கம்பி வலை. கம்பியின் கனம் சுமார் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. வலைக்கண்களுக்கு இடையே சொந்தச் சுவர் உயிரோடு இருக்கிறது. செல்கள் தாண்ட வேண்டிய தூரம் மிகக் குறைவு என்பதால் மாதக்கணக்கில் மூடிவிடும். அதனால்தான் இரண்டு மாத்திரையில் ஒன்றை ஒரு கட்டத்தில் நிறுத்துகிறார்கள். அங்கேயும் மற்றொன்று பொதுவாகத் தொடரும். கால் பைபாஸ் குழாயில் அப்படி ஒரு கட்டம் வருவதே இல்லை. ஐந்தாவது வருடத்திலும் நடுப்பகுதி முதல் வருடத்தைப் போலவேதான் இருக்கும். ஆகவே ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ பெரும்பாலும் ஆயுள் முழுக்க. சிலருக்கு ஆஸ்பிரினோடு சிறு அளவு ரிவரோக்ஸபான் என்ற உறைதல் தடுப்பு மருந்தும் சேர்ப்பார்கள். பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ நிறுத்த வேண்டியிருந்தால்கூட, குழாய் வைத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உட்படலம் இல்லாத பரப்பில் கிருமிகளும் எளிதாக ஒட்டும். தொடை இடுக்குத் தழும்பில் வீக்கம், கசிவு, காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், வருடங்கள் ஆகியிருந்தாலும் காட்ட வேண்டும். முனைத் தடிப்பு வெளியே தெரியாமல் வளரும் என்பதால், கணுக்கால் அழுத்தமும் டாப்ளர் ஸ்கேனும் மருத்துவர் சொன்ன தேதிகளில் எடுப்பது அவசியம். முழுதாக அடைக்கும் முன்னால் கண்டுபிடித்தால் பலூன் வைத்து விரிக்க வாய்ப்பு உண்டு. நடக்கும் தூரம் குறைகிறது என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.